நின்றுபோன பெட்டிகள்

“ஓடீட்டு இருக்கறத எவனும் தொடமாட்டான் சாமி, நின்னு போச்சுன்னா…” நின்று போனால் என்ன என்று பெரியப்பா சொன்னார், சொல்லியிருக்க வேண்டும், அந்த மீதிதான் வரமாட்டேன் என்கிறது. மோட்டார் காயில் கட்டும் அவருடைய பட்டறையில், செம்புக் கம்பியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னது. நின்னு போச்சுன்னா எடைக்குப் போட்டிருவாங்க? நின்னு போச்சுன்னா ஆளுக்கொரு போல்ட்டைக் கழட்டீட்டுப் போயிருவாங்க? இரண்டும் அவர் சொல்லக்கூடியதுதான், இரண்டும் அவர் குரலில் ஒட்டவில்லை. இதை இப்போது யோசிக்க என்ன அவசியம். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒன்றரைக்கு இரண்டாவது ஷிப்ட். எனக்கு முன்னால் கறுப்புத் திரையில் ஒரு கேள்வி நிற்கிறது. இவையெல்லாம் நீக்கப்படும், நிச்சயம் தொடர வேண்டுமா என்கிறது. y அல்லது N. y சின்ன எழுத்தில், N பெரிய எழுத்தில். பெரிய எழுத்தில் இருப்பதுதான் அதன் சாய்வு. ஒன்றும் எழுதாமல் வெறும் என்டர் தட்டினால்கூட வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும். இருபது வருடமாக y தட்டித் தட்டி அந்தப் பெரிய எழுத்தை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கர்சர் மினுங்கி மினுங்கி அணைகிறது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், நாற்பத்தெட்டு வயதில், குறும்பு செய்ததற்காக வாத்தியார் உட்கார வைத்த பையனைப் போல. காரணம் இருக்கிறது. என் விரல்களை நான் நம்பவில்லை. கேள்வியைப் பார்த்ததும் அவை தாமாகவே y-க்குப் போகும். பாதி தூரம் போய்விட்டதைப் பார்த்துத்தான் கையை இழுத்தேன்.

பக்கத்து அறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் உறுமுகிறது, அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியாக முதுகெலும்புக்கு வருகிறது, அல்லது முதுகெலும்பு தானாகவே அதிர்கிறது. முன்பு இது கேன் அடுக்கும் ஸ்டோர் ரூம். இப்போதும் பாதி அறை கேன்கள்தான். மீதியில் ஒரு மேசை, ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ்., நான். குழாய் கழுவும் மருந்தின் வினிகர் நெடி சட்டையோடு தினமும் வீட்டுக்கு வருகிறது. ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டர். பதினான்கு மெஷின், அறுபத்தொரு நோயாளிகள், வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம். ஒவ்வொருவருக்கும் ட்ரை வெயிட் என்று ஒன்று உண்டு, தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு அவர் இருக்க வேண்டிய எடை. இன்றைய எடையில் அதைக் கழித்தால் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று கிடைக்கும். ஒரு கிலோ கூடுதலாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சேர்ந்த முதல் மாதத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு ஒரு சொல்லின் நடுவில் நின்றது, கண் மேலே சொருகியது, பூங்கோதை சிஸ்டர் ஓடிப்போய் அவர் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். பத்து நிமிடத்தில் அவர் எழுந்து டீ குடித்தார். அந்தச் சொல்லின் மற்றொரு பாதி எனக்குத்தான் இன்றுவரை கேட்கவில்லை. அப்புறம் யார் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது, யாரைத் தனி அறையின் இரண்டு மெஷின்களில் மட்டும் போட வேண்டும் என்பது. அப்புறம் ரத்தம் உறையாமல் இருக்க யாருக்கு எவ்வளவு ஹெப்பாரின். இதெல்லாம் முன்பு நீள நோட்டில் இருந்தது. இப்போது நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில் இருக்கிறது. மென்பொருள் கன்டெய்னரில் இருக்கிறது. கன்டெய்னர், இப்போது, நின்றிருக்கிறது. நான்தான் நிறுத்தினேன்.

கன்டெய்னர் என்றால் என்ன என்று பூங்கோதை சிஸ்டர் ஒருமுறை கேட்டார். இங்கே பதினெட்டு வருடமாக இருப்பவர், ஊசி குத்த நரம்பு கிடைக்காத கையில் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடிப்பவர், அவருக்கு வெறும் வார்த்தை சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்து ஓடவிடுவது சிஸ்டர், பெட்டி கெட்டால் தூக்கி எறிந்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை ஒரு நிமிடத்தில் எழுப்பிக்கொள்ளலாம் என்றேன். சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி மாதிரி என்றும் சொல்லிவைத்தேன். “அப்ப போசிய வீசினா உள்ள இருக்கற சோறும் போச்சுங்களா சார்?” என்றார் உடனே. “சோத்த உள்ள வைக்கமாட்டோம் சிஸ்டர். எழுதறதெல்லாம் வெளிய ஒரு ஃபோல்டர்ல இருக்கும். போசி வெறும் போசிதான்.” “நல்ல போசிங்க, சோறில்லாத போசி,” என்று சிரித்துக்கொண்டே போனார். போசி, சோறு. நல்லாத்தான் சொன்னேன். முன்பு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், என் தொழிலே அதுதான்: எந்தப் பெட்டியையும் எந்த நிமிடமும் வீசலாம் என்னும்படி கட்டுவது. ஒரு நாளைக்கு நூறு பெட்டி வீசுவோம். இந்தச் சுத்தம் செய்யும் கட்டளையை அங்கே காபிக் கோப்பையைப் பிடித்த கையோடு மறுகையால் அடித்திருக்கிறேன். கிளை கழிப்பது என்று அர்த்தம் வரும் பெயர் அதற்கு. வேண்டாததையெல்லாம் கழித்து டிஸ்கில் இடம் பண்ணித் தரும். வேண்டாதது எது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? அதுதான் முதல் வரியிலேயே போட்டிருக்கிறதே, பத்தாவது வரை தமிழிலும் அப்புறம் ஆங்கிலத்திலும் படித்த எனக்கு இரண்டிலும் புரிகிறதே: நின்றுபோன எல்லாக் கன்டெய்னர்களும். எந்தப் பெட்டி, எத்தனை பெட்டி, உள்ளே என்ன என்று பெயர் சொல்வதில்லை. ஓடுவதைத் தொடாது. நின்றது குப்பை. கட்டளை ஆங்கிலத்தில் வருகிறது, பயம் தமிழில் வருகிறது, இரண்டுக்கும் நடுவே கையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

சர்வரில் ஐந்து பெட்டிகள். டிஸ்க் தொண்ணூற்றொன்பது சதம் நிறைந்துபோய், காலை பதினொன்றே முக்காலுக்குத் திரை உறைந்தது. இடமில்லை, எழுத முடியாது என்றது. முதல் ஷிப்டின் கடைசி ரீடிங்குகளைச் சிஸ்டர் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். “சிஸ்டர், ஷிப்ட் முடியட்டும், எல்லாத்தையும் நிறுத்தீட்டுச் சுத்தம் பண்ணிடறேன், ஒன்றரைக்கு ரெடி,” என்று நான்தான் சொன்னேன். எல்லாத்தையும் நிறுத்தீட்டு. பொறுப்பான ஆள் பேசுகிற பேச்சு. ஒவ்வொன்றாக நிறுத்தினேன், நிறுத்தும்போது ஒவ்வொன்றும் தன் பெயரை ஒரு தடவை திரையில் சொல்லிவிட்டு நின்றது. நிறுத்தாமல் அடித்திருந்தால் இந்தக் கட்டளை அவற்றை ஏறிட்டும் பார்த்திருக்காது. பத்திரமாக இருக்கட்டும் என்று நிறுத்தினேன், நிறுத்தியதால் ஐந்தும் குப்பையாகிவிட்டன. சரி, ஆகட்டுமே, போசிதானே, வீசிவிட்டு மறுபடி எழுப்பினால் ஆயிற்று, சோறு வெளியே இருக்கிறது. இருக்கிறதா? கை y-க்குப் பாதி தூரம் போனபோது வந்தது இந்தக் கேள்விதான். ஐந்தாவதாக நின்ற பெட்டி தன் பெயரைச் சொன்னதே, அதன் பெயர் ‘சோதனை’.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் அர்த்தநாரி, இந்த டிரஸ்ட்டின் தலைவர், “சிகாமணி, மத்தியானம் நம்ம டிரஸ்டிங்க வர்றாங்க, ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க,” என்றார். ஒற்றை வரியில் ஒரு பெட்டியை எழுப்பி, ‘சோதனை’ என்று பெயர் வைத்து ஓட்டிக் காட்டினேன். வெளி ஃபோல்டரோடு இணைக்கும் துண்டை அந்த வரியில் நான் எழுதவில்லை, காட்டிவிட்டு வீசப்போகும் பெட்டிக்கு எதற்கு என்று. அவர்கள் கைதட்டினார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் சிஸ்டர் ஒன்பது நோயாளிகளை அதில் ஏற்றியிருந்தார். நல்லா இருக்குங்க சார், நோட்டவிட வெரசா ஆகுது. சரி, ஞாயிற்றுக்கிழமை வந்து முறைப்படி மாற்றிவிடலாம் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அதில் சந்தேகமில்லை. ஐப்பசி மழை. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தேன். இதே நாற்காலி. வெளி ஃபோல்டரை உண்டாக்கினேன், ராத்திரி தோறும் அதைப் பிரதியெடுக்கும் பேக்கப்பை எழுதினேன். அடுத்து பெட்டியிலிருந்து சோற்றை வெளியே மாற்றுவது. அப்போது கரண்ட் போயிற்று, யு.பி.எஸ்.ஸில் சர்வர் மட்டும்தான், திரை அணைந்தது. யு.பி.எஸ். கீச்சிட்டது. கரண்ட் வந்தது, மாற்றினேன், பெயரை மட்டும் ‘சோதனை’ என்றே விட்டுவிட்டேன், எழுந்து போனேன். அப்படித்தான். இரண்டு வருடமாக அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெயர்தான் பழையது, உள்ளே எல்லாம் சரி. மாற்றினேன் என்பதை நினைவில் பார்க்க முடிகிறதா? ஷட்டர் தெரிகிறது, மழை தெரிகிறது, கீச்சொலி கேட்கிறது. மாற்றும் வரியை அடிக்கும் என் கை மட்டும் தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம். தூக்கிவாரிப்போட்டது, முழங்கை விசைப்பலகையின் ஓரத்தில் பட்டது, திரையைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, கேள்வி அப்படியே நிற்கிறது. “சார், ஆச்சுங்களா?” பூங்கோதை சிஸ்டர், கதவை ஒரு சாண் திறந்து. “ஆயிட்டே இருக்குங் சிஸ்டர்.” “ஒண்ணுமில்லீங்க, நாச்சிமுத்து அய்யா மூணு கிலோ எண்ணூறு ஏத்திக்கிட்டு வந்திருக்கார். உக்காந்து மூச்சு வாங்கறாரு. அவர முதல்ல போட்டுரலாம்னு.” அவர் தோளுக்குப் பின்னால், பெஞ்சிலிருந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நாச்சிமுத்துவே குரல் கொடுத்தார், ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் நின்று மூச்செடுத்து. “ஏனுங் கம்ப்யூட்டர்காரரே, உங்க பொட்டிக்கும் சளி புடிச்சிருச்சுங்களா?” “அய்யா, நீங்க பேசாதீங்க,” என்றார் சிஸ்டர் திரும்பாமலே. “காங்கேயத்துல கெடா விருந்துங்க… மச்சினன் ஊட்டு விசேசம்… ரசம் மட்டுந்தான் சிஸ்டர்… சத்தியமா.” “ரசத்துல எப்படிங்கய்யா நாலு கிலோ ஏறும்? கெடா உள்ள நீந்துச்சுங்களா?” பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நாச்சிமுத்துவும் சிரிக்கப்போய் இருமினார், இருமல் முடியவில்லை, நீண்டது, ஈரமாக, நுரையீரலில் தண்ணீர் இருப்பது இங்கிருந்தே கேட்டது. சிஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எத்தன நேரம் சார்?” “பத்து நிமிஷம்.” கதவு சாத்திக்கொண்டது. பத்து நிமிடம் என்று எந்தக் கணக்கில் சொன்னேன்.

கணக்கு இதுதான். y தட்டினால் ஒரு நிமிடம். டிஸ்க் காலியாகும், ஐந்து பெட்டியும் புதிதாக எழும், ஒன்றரைக்கு முன்னால் நாச்சிமுத்து மெஷினில் இருப்பார், சோறு வெளியே இருந்திருந்தால். இல்லாவிட்டால் புதிதாக எழுந்த பெட்டி பளிச்சென்று சுத்தமாக இருக்கும், அறுபத்தொரு பேரில் ஒரு பெயர்கூட இல்லாமல், நோயாளியைச் சேர்க்கவும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு. N தட்டினால், இடமில்லாத டிஸ்க்கில் பெட்டி மறுபடி ஓடாது, அதற்கப்புறம் கவனமான வழி: பெட்டியைத் திறந்து பார்ப்பது, வீட்டிலிருந்து வேறு டிஸ்க் கொண்டுவந்து உள்ளே இருப்பதை அப்படியே அதில் இறக்குவது, எதை நீக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. சாயங்காலம் நாலு, ஐந்து ஆகும். அதுவரை இரண்டாவது ஷிப்டின் பதினான்கு பேர், தண்ணீர் கட்டிய உடம்போடு, எண் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நோட்டு இருந்தால் பரவாயில்லை. நோட்டு இல்லை. போன ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தபோது முப்பத்தொரு நீள நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னது யார். “நோட்டு இருந்தா ஒரு தெம்புங்க சார், ஒரு மூலைல கெடக்கட்டுமே,” என்று சிஸ்டர் அவற்றில் கடைசி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “பேக்கப் இருக்கு சிஸ்டர், தினமும் ராத்திரி ஆகுது.” அவர் நோட்டைக் கட்டின் மேல் வைத்துவிட்டு, சந்தனப் பொட்டு வைக்க மெஷின்களிடம் போனார். போன வாரம் கோவையிலிருந்து மாறி வந்த ஆறுச்சாமி காமாலைக் கிருமிக்குப் பாசிட்டிவ், அவர் தனி அறை மெஷின், அவரைச் சேர்த்த அன்று சிஸ்டர் லீவு. அவரைப் பற்றி இந்தப் பெட்டிக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும், அவருக்கே தெரியுமா, கேட்டால் சொல்வாரா, பெஞ்சில் எல்லோர் முன்னாலும். இப்படி யோசித்துக்கொண்டே போனால் மணி ஆகும். மணி ஒன்று எட்டு.

பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். அதுதானே. N தட்டிவிட்டு ஒரு வரி அடித்தால் பெட்டி தன்னோடு வெளியே எது இணைந்திருக்கிறது என்று சொல்லும், அரை வினாடி வேலை. அரை வினாடிக்கு ஏன் பதிமூன்று நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன்? நான் டிஸ்க்குக்குப் பயப்படவில்லை போலிருக்கிறது. அந்தப் பதில் ஒன்றுமில்லை என்று வந்தால், இரண்டு வருடமாக இந்தச் சென்டர் வீசப்போகும் பெட்டிக்குள் சோறு தின்றுகொண்டிருந்தது என்று ஆகும். ஒருநாள் யு.பி.எஸ். வெடித்திருந்தால், ஒருநாள் நான் காய்ச்சலில் இருந்து வேறு யாராவது இதே கட்டளையை அடித்திருந்தால். இரண்டு வருடத்தின் எல்லா நாளும் ஒரே சமயத்தில் காலுக்கடியில் விலகுகிறது. தெரியாமல் இருக்கும்வரை y-யில் ஒரு நல்ல முடிவு உயிரோடு இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு காலையில் என் அட்டை கதவைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், சிவப்பு விளக்கு. வரவேற்பில் இருந்த பெண், தினமும் வணக்கம் சொல்கிறவள், திரையைப் பார்த்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் உட்காரச் சொன்னாள். பதினாறு வருடம் நான் எழுதிவைத்தவை என் பெயரில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. கணக்கு நின்ற முப்பதாம் நாள் அவை நீக்கப்படும் என்று ஒரு மெயில் வந்தது, நீக்கப்பட்டன என்று இன்னொன்று. எந்த மனிதனும் அதைச் செய்யவில்லை. நின்றதைக் கழிக்கும் கட்டளை ஒன்று ராத்திரி தானாக ஓடியது, அதையும் ஒரு காலத்தில் நான்தான் எழுதியிருந்தேன். ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் வேலை போச்சு என்று சொல்லத் தெரியாமல் அங்கே நிறுத்தீட்டாங்க பெரியப்பா என்றபோதுதான் அவர் அதைச் சொன்னார். ஓடீட்டு இருக்கறத எவனும் தொடமாட்டான் சாமி. அதற்கப்புறம் என்ன.

போன் அடித்தது. டாக்டர் அர்த்தநாரி. கையைத் தொடைக்கடியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, எடுத்த கை மரத்துப்போய் வேறு யாருடைய கை மாதிரியோ இருந்தது. “சிகாமணி, பூங்கோதை சொன்னாங்க. ஒன்றரைக்கு ஆயிருமா?” “பாத்துட்டு இருக்கறனுங் சார்.” “நாச்சிமுத்துவ ரொம்ப உக்கார வைக்க முடியாது. போன தடவையும் மிஸ் பண்ணீட்டாரு.” “தெரியுங் சார்.” “பேக்கப் இருக்குல்ல?” இந்தக் கேள்விக்கு என் வாய்க்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது, y மாதிரியே, விரலுக்குப் பழக்கம் மாதிரி நாக்குக்குப் பழக்கம். “இருக்குங் சார்.” “அப்ப என்னங்க, தைரியமா பண்ணுங்க,” என்று வைத்துவிட்டார். இருக்கு என்று சொன்னது யார். இருக்கிறது என்று தெரிந்தா சொன்னேன். ஆர்.ஓ. பம்ப் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது, அந்த ஒரு கணத்தில் வெளியே நாச்சிமுத்துவின் மூச்சு சுவரைத் தாண்டி வந்தது, விசில் மாதிரி, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன் வருமே அது மாதிரி. பல்லி ஒன்று கேன்களின் மேல் நடந்துபோய் விசைப்பலகைக்கு நேர் மேலே நிற்கிறது. அது விழுந்தால், சரியாக அந்த எழுத்தில் விழுந்தால், பைத்தியக்காரத்தனம், y தட்டினாலும் என்டர் தட்ட வேண்டுமே, ஒரு பல்லி இரண்டு தடவை விழாது. விழுந்தால் நல்லது என்று ஒரு மூலையில் தோன்றியதே, அதைக் கவனித்தாயா சிகாமணி? பல்லி மேல் பழி போட்டுவிடலாம்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை. மெதுவாக. ஷட்டர், மழை, நாற்காலி, ஃபோல்டர், பேக்கப், கரண்ட் போனது, கீச்சொலி. அப்போது போனும் அடித்தது. ஆமாம், இரண்டு சத்தமும் ஒன்றாக. பெரியப்பா மகன் வேலுச்சாமி. “அண்ணா, அப்பா தவறீட்டாருங்ண்ணா.” போனை வைத்தபோது கரண்ட் வந்திருந்ததா? வந்தது, வந்து மாற்றிவிட்டுத்தான் எழுந்தேன், ஐந்து நிமிடம்தானே என்று. அப்படியானால் திரை வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். என் நினைவில் வெளிச்சம் எது? செல்போன் டார்ச். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஷட்டரின் பூட்டைத் தேடினேன். எச்சில் ஒழுகியது. உள்ளே யு.பி.எஸ். இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, பூட்டிய பிறகும் கேட்டது, மழையில் வண்டியை எடுக்கும்வரை கேட்டது. கரண்ட் வரவில்லை. நான் இருக்கும்வரை வரவில்லை. மறுநாள் மயானத்தில், ஈர வேட்டியோடு, சிஸ்டர் கூப்பிட்டார்: “சார், இந்த நேரத்துல தொந்தரவுங்க. கரண்ட் வந்து பொட்டி தானா ஓடுதுங்க. இன்னைக்கும் இதுலயே எழுதலாங்களா?” “ஓடுதுல்ல? எழுதுங்க.” அதுதான் நான் சொன்னது. ஓடுதுல்ல. அதற்கப்புறம் ஓடிக்கொண்டே இருந்தது, ஓடுவதை நான் தொடவில்லை, இன்று மத்தியானம் பன்னிரண்டு நாற்பத்தெட்டு வரை.

இல்லை, அப்புறம் வேறொரு நாள் மாற்றியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து. மனிதனுக்கு எல்லாமா நினைவிருக்கும். பேக்கப் தினமும் ஆகிறதே, காலையில் மெசேஜ் வருகிறதே. இடது கையால் போனை எடுத்தேன். அந்த மெசேஜ்களைச் சத்தமில்லாமல் வைத்து எத்தனை மாதமாயிற்று. மேலிருந்து கீழே தள்ளினேன். பேக்கப் முடிந்தது, அளவு 4.0K. முந்தின நாள், பேக்கப் முடிந்தது, 4.0K. அதற்கு முந்தின நாள் 4.0K. பங்குனி, மாசி, தை, கட்டைவிரல் தள்ளத் தள்ள அதே எண், ஆயுத பூஜைக்கு மறுநாள், நோட்டுகள் போன மறுநாள், 4.0K. அறுபத்தொரு பேரின் இரண்டு வருட ரத்தம் அந்த அளவில் அடங்காது, ஒருவரின் ஒரு வேளை மாத்திரைச் சீட்டு அடங்கலாம். காலியான ஃபோல்டரைக் கட்டிப் பிரதியெடுத்தால்தான் அந்த எண் வரும். அது எனக்கு இப்போதா தெரிகிறது? போன தையில் ஒரு காலையில், டீ ஆறிக்கொண்டிருக்க, இந்த எண்ணைப் பார்த்து ஏதோ இடறியது, அப்புறம் பார்க்கலாம் என்று மெசேஜின் சத்தத்தை அணைத்தேன். அன்றே தெரியும். தெரிந்துதான் அணைத்தேன். இவ்வளவு நேரம் இதை யோசிக்காமல் இருக்கத்தான் மழையையும் ஷட்டரையும் பல்லியையும் யோசித்திருக்கிறேன்.

பெரியப்பா பட்டறையில் அன்றைக்கு, “நின்னு போச்சுன்னா…” என்று சொல்லி வாயிலிருந்து கம்பியை எடுத்தார், அப்போது ஊத்துக்குளிக்காரர் ஒருத்தர் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார், “ஏனுங் மாப்ள, இது சத்தமே வரமாட்டேங்குது பாருங்க,” என்றார், பெரியப்பா எழுந்து போய் அந்த மோட்டாரைப் பிடித்து இறக்கினார். திரும்பி வந்து டீ சொன்னார். வேறு எதையோ பேசினார். அந்த வாக்கியத்தை முடிக்கவேயில்லை. மீதி என்று ஒன்று இல்லை. மணி ஒன்று இருபத்திரண்டு. வெளியே சிஸ்டர் யாரிடமோ ஆக்சிஜன் கொண்டுவரச் சொல்கிறார். நாச்சிமுத்துவின் ட்ரை வெயிட் ஐம்பத்தேழரை. அவருடையது சிஸ்டருக்கு மனப்பாடமாகத் தெரியும், பதினெட்டு வருடம், பாதிப் பேருடையது தெரிந்திருக்கும், மீதிப் பேரைக் கேட்க வேண்டும், ஆறுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், கோவைக்குப் போன் போட வேண்டும், நான் நேற்று வாங்கிய கோடு போட்ட நோட்டு பையில் இருக்கிறது, என் மகளின் கணக்கு நோட்டு, முதல் பக்கத்தில் பெயர் எழுதியிருப்பாள், அதைக் கிழித்துக்கொள்ளலாம். மடியில் வைத்திருந்த கை விசைப்பலகைக்குப் போகிறது. இந்தத் தடவை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். y-யைத் தாண்டுகிறது.

N தட்டி, என்டர் தட்டினேன். வெளியே போய், பெஞ்சில் எல்லோரும் கேட்கும்படி, பேக்கப் இரண்டு வருடமாக இல்லை என்று பூங்கோதை சிஸ்டரிடம் சொல்லி, நோட்டைக் கொடுத்தேன்.